சாக்பீஸ் கோட்டிலிருந்து எடுத்த படங்கள்

ஆகஸ்ட் 3, சனி

லென்ஸ் வந்துவிட்டது. கூரியர்காரன் பெட்டியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தான். அங்கேயே ஓர் அறை விட்டிருப்பேன். கையெழுத்துப் போட என் கையில் பேனா இருந்ததால் பிழைத்தான்.

24-70 மில்லிமீட்டர், துவாரம் 2.8. கல்யாணம், கட்சிக் கூட்டம், சாவு, சண்டை எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும் என்று தொழில்காரர்கள் கேமராவை விட்டுக் கழற்றாமல் வைத்திருக்கிற ரகம். 24-ல் வைத்தால் ஓர் அறை முழுக்க வரும். 70-க்குத் திருப்பினால் ஒரு முகம் மட்டும் வரும். வாங்குகிற வக்கு எனக்கு இல்லை. 'ஒளிக்கோடு' மாத இதழின் ஆசிரியர் சுந்தரேசன் சார் கம்பெனியிடம் இரவல் வாங்கி அனுப்பியிருக்கிறார். பத்து நாளில் சோதித்து எட்டுப் பக்கம் விமர்சனம் எழுத வேண்டும். நல்ல படம் அமைந்தால் அட்டையும் எனக்குத்தான்.

யூடியூபில் பெட்டியைப் பிரித்ததுமே "வேற லெவல்" என்று கத்துகிறவன் இல்லை நான். எனக்கு ஒரு முறை உண்டு. சமையலறைத் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். அந்தக் கோட்டில் நான், சன்னலுக்குப் பக்கத்தில் போட்ட ஸ்டூலில் என் மனைவி எழில். நடுவே ஒன்றே கால் மீட்டர். காலை பத்து மணி, வடக்கு வெளிச்சம், 70, 2.8. எந்த லென்ஸ் வந்தாலும் சோதனை முடியும் வரை அதே இடத்தில், அதே நேரத்தில், அதே முகம். கண்தான் என் அளவுகோல். கண் கூர்மையாக வந்தால் லென்ஸ் தேறும்.

"பாத்திரம் கெடக்குதுயா. சீக்கிரம் எடு" என்றாள் எழில்.

எடுத்தேன். கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோது நிஜமாகவே வாயைப் பிளந்தேன். இமைமுடியை எண்ணலாம். இரண்டு கருமணிகளும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி சின்ன வட்டம், ஒவ்வொன்றிலும் சன்னல் கம்பி நாலும் தெரிகிறது.

வெள்ளிக்கிழமை அவளுக்கு மாநிலப் போட்டி தொடங்குகிறது. பெண்கள் பாக்ஸிங், 57 கிலோ. பாப்பா பிறந்தபின் இரண்டு வருடம் விட்டு, மறுபடி புளியந்தோப்பு மைதானத்தில் போய் உடம்பை இறக்கியிருக்கிறாள். தங்கம் வாங்கினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை. இந்த வருடம் விட்டால் வயசு தாண்டிவிடும். ரிங் ஓரத்தில் உட்கார்ந்து இந்த லென்ஸால் அவளையே எடுத்தால், விமர்சனமும் ஆச்சு, அட்டைப்படமும் ஆச்சு. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

சோதனை எதுவும் இல்லை. பாப்பா தேங்காயெண்ணெய்க் கையோடு முன் கண்ணாடியைத் தொட்டுவிட்டாள். எழில்தான் மூடியைப் போடாமல் மேசையில் வைத்திருந்தாள். குரல் கொஞ்சம் உயர்ந்தது. துடைத்துவிட்டேன், கீறல் இல்லை. பீரோ கதவு நசுங்கியிருக்கிறது. பழைய பீரோ.

மத்தியானம் வஞ்சிரம். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

பத்து மணிக்குச் சன்னலோரம் படம். எழில் ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள், எடுத்தேன், எழுந்து போனாள். தலைவலி என்று மாத்திரை போட்டுக்கொண்டு மறுபடி படுத்தாள். பகலில் தூங்குகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

படத்தில் ஒரு சிக்கல். அவளுடைய வலது கண், அதாவது படத்தில் இடப்பக்கம் வருகிற கண், சரியில்லை. கருமணியின் ஓரம் கரைந்து கறுப்பு பெரிதாகத் தெரிகிறது. இன்னொரு கண் சனிக்கிழமை இருந்த மாதிரியே கச்சிதம். லென்ஸுக்குள் கண்ணாடி ஒன்று லேசாகச் சாய்ந்திருந்தால் படத்தின் ஒரு பக்கம் மட்டும் இப்படி மங்கும். அந்தக் கூரியர்காரப் பயலைச் சும்மா விட்டது தப்பு.

விமர்சனத்தில் எழுத வேண்டும்: இடப்பக்கம் சந்தேகம்.

சாயங்காலம் ஒரு பெரிய பொம்மை வாங்கி வந்தேன். பாப்பா வாங்கி அம்மாவிடம் கொடுத்தாள். எழில் அதை அலமாரிக்கு மேல் வைத்தாள்.

ஆகஸ்ட் 7, புதன்

மைதானத்துக்குப் போனேன். தகரக் கொட்டகைக்குள் ரிங். வியர்வையும் தைல வாசனையும் மூக்கில் ஏறும். வெளிச்சம் மோசம், லென்ஸுக்கு நல்ல பரீட்சை. ஃபோகஸ் நாய் மாதிரி முகத்தை விடாமல் துரத்துகிறது. எழில் ஒரு பையனோடு பயிற்சிச் சண்டை போட்டாள். அவன் விலாவில் அவள் இறக்கிய குத்தில் அவன் வாய்க்காப்பு தெறித்து ரிங்குக்கு வெளியே வந்து விழுந்தது. எச்சில் தெறிப்புகூட முத்து முத்தாகப் படத்தில் நிற்கிறது. இப்படி ஒரு லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு இருபத்தைந்து வயசில் நான் இருந்திருந்தால் எங்கேயோ போயிருப்பேன்.

ஞானவேல் மாஸ்டர் என் பக்கத்தில் வந்து நின்றார். அவளைப் பதினாறு வயசிலிருந்து தயார் செய்கிறவர். பேசும்போது ஆளைப் பார்க்க மாட்டார், ரிங்கைத்தான் பார்ப்பார்.

"தம்பி, வூட்ல இன்னாச்சு?"

"ஒண்ணும் இல்லியே மாஸ்டர். ஏன்?"

"லெப்டு கை லேட்டா வருது. ஜேப் குத்து போடறதுக்குள்ள எதிராளி டீ குடிச்சிட்டு வந்துருவான். மூணு நாளாத்தான் இப்டி. கேட்டா தூக்கம் இல்லன்றா."

"டென்ஷன் மாஸ்டர்."

கன்னத்தில் இருந்த நீலத்தை அவர் கேட்கவில்லை. பாக்ஸரைக் கட்டிக்கொண்டதில் ஒரு சௌகரியம், காயத்துக்கு யாரும் காரணம் கேட்பதில்லை. மே மாதமும் யாரும் கேட்கவில்லை.

இதை ஏன் இங்கே எழுதினேன் என்று தெரியவில்லை. லென்ஸ் எடை 800 கிராம் சொச்சம். இரண்டு மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கிறது.

ஆகஸ்ட் 8, வியாழன்

பத்து மணிப் படம். இடப்பக்கம் இன்னும் மோசம். எழில் கஞ்சி குடித்தாள், வாந்தி எடுத்தாள். எடை இறக்கும்போது இப்படி ஆவது உண்டு.

ஆகஸ்ட் 9, வெள்ளி

முதல் நாள். காலையில் எடை பார்த்துவிட்டு மருத்துவப் பரிசோதனை. எண்பது பேருக்கு ஒரே டாக்டர். பர்வீன் என்று பெயர், நாற்பது வயசு இருக்கும், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு மடமடவென்று பார்க்கிற அம்மா. ரத்த அழுத்தம், நாக்கு, கை விரல். கண்ணில் டார்ச் அடித்தவர் நிறுத்தினார். மறுபடி அடித்தார்.

"ரைட் ஐ பெருசா இருக்கே. தலையில அடி ஏதாவது பட்டுதாம்மா?"

"இல்ல மேடம். சின்ன வயசுலேர்ந்தே அப்டித்தான்" என்றாள் எழில். என்னைப் பார்க்கவில்லை.

டாக்டர் என்னிடம் திரும்பினார். "நீங்க யாரு?"

"வீட்டுக்காரர்."

"உங்களுக்குத் தெரியுமா? முன்னாடியே இப்படித்தானா?"

"ஆமா டாக்டர். கல்யாணத்துலேர்ந்தே பாக்கறேன்" என்றேன்.

நான் படம் எடுக்கிறவன் என்று கழுத்தில் தொங்குவதைப் பார்த்தே தெரிந்திருக்கும். கண்ணைப் பற்றி ஒரு போட்டோகிராபர் சொன்னால் நம்பத்தானே செய்வார்கள். முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்.

மத்தியானம் கால் இறுதி. எதிரே ராமநாதபுரத்துப் பெண், இடக்கைக்காரி. மணி அடித்ததும் காட்டுத்தனமாக ஏறி வந்தாள். எழில் இரண்டு ரவுண்டு அவளை ஓடவிட்டு, மூன்றாவதில் கயிற்றோரம் மடக்கி, வயிற்றில் ஒன்று, தாடையில் ஒன்று. அந்தப் பெண்ணின் முழங்கால் மடங்கியது. தலைக்காப்பு திரும்பிக் கண்ணை மறைத்துக்கொள்ள, குருடி மாதிரி காற்றில் குத்தினாள். நடுவர் கட்டிப்பிடித்து நிறுத்தினார். என் பக்கத்தில் இருந்த கூட்டம் "அடி, அடி, இன்னும் அடி" என்று கத்தியது. நானும் கத்தினேன் போலிருக்கிறது, தொண்டை கட்டியிருக்கிறது.

412 படம். ஃபோகஸ் தப்பியவை பதினொன்று. அற்புதமான லென்ஸ், இடப்பக்கம் மட்டும் சரியாக இருந்தால்.

ஆகஸ்ட் 10, சனி

அரை இறுதி. இப்படி ஒரு சண்டையை நான் பார்த்ததில்லை.

தஞ்சாவூர்ப் பெண் எழிலைவிட நாலு விரல் உயரம். முதல் ரவுண்டிலேயே எழிலின் மூக்கை உடைத்துவிட்டாள். எழில் துடைக்கக்கூட இல்லை. மூக்கு ரத்தத்தை உள்ளே இழுத்துக்கொண்டு போய் அவள் நெஞ்சுக்குழியில் குத்தினாள், குத்திக்கொண்டே இருந்தாள். இரண்டாம் ரவுண்டில் இருவரும் காலை ஊன்றிக்கொண்டு, தற்காப்பை மறந்து, பழைய துணியை அடித்துத் துவைக்கிற மாதிரி மாற்றி மாற்றிச் சாத்தினார்கள். ஒவ்வொரு குத்துக்கும் ரத்தமும் வியர்வையும் விளக்கு வெளிச்சத்தில் சிதறியது. நான் கீழ்க் கயிற்றுக்கு அடியில் கேமராவை நுழைத்து 24-ல் வைத்திருந்தேன். அவள் ரத்தம் இரண்டு சொட்டு முன் கண்ணாடியில் விழுந்தது. துடைக்காமல் எடுத்தேன். பிறகு துடைத்தேன், எண்ணெயைவிடச் சுலபமாகப் போனது.

கடைசி நிமிஷத்தில் எழிலின் வலது. தஞ்சாவூர்ப் பெண்ணின் தலை பின்னால் போகிறது, வாய்க்காப்பு பாதி வெளியே, எழிலின் முகம் மூன்றடியில், கண் இரண்டும் நேரே என்னை நோக்கி. அட்டைப்படம் இதுதான். இருபது வருடத்தில் இதைவிட நல்ல படம் நான் எடுத்ததில்லை.

ஜெயித்தவள் உடை மாற்றும் அறைக்குப் போய் வாந்தி எடுத்தாள். மாஸ்டர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். வெளியே வரும்போது வாசற்படியை விட்டுவிட்டுக் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டாள். ஆட்டோவில் என் மேல் சாய்ந்து தூங்கினாள். வாரம் முழுக்க அவள் என்னைத் தொடவில்லை, இன்றுதான் தொட்டாள், அதுவும் தூக்கத்தில்.

சுந்தரேசன் சாருக்கு அட்டைப்படத்தை அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். "பிரமாதம்யா! ஆனா அந்தம்மா கண்ணு ஏன் ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசா இருக்கு?"

"லென்ஸ்ல கோளாறு சார். இடது பக்கம் சாய்ஞ்சிருக்கு."

"அப்படியா? அப்படின்னா கம்பெனிக்கு எழுதணுமே. நல்லா சோதிச்சுச் சொல்லு. ஆதாரமில்லாம எழுதினா நம்மள உரிச்சிடுவான்."

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஓய்வு நாள். நாளைக்கு இறுதி.

காலையில் லென்ஸை முறையாகச் சோதித்தேன். செய்தித்தாளைச் சுவர் முழுக்க ஒட்டி, கேமராவை முக்காலியில் வைத்து, 24, 35, 50, 70. இடது ஓரம், வலது ஓரம், நாலு மூலை. எழுத்துகள் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி. சந்தேகம் தீர இன்னொரு வழி இருக்கிறது. கேமராவைத் தலைகீழாகத் திருப்பி அதே முகத்தை எடுத்தால், கோளாறு லென்ஸில் இருந்தால் மங்கல் மற்றக் கண்ணுக்குப் போய்விடும்.

பத்து மணிக்கு எழில் ஸ்டூலில் உட்கார்ந்தாள். நேராக ஒரு படம், தலைகீழாக ஒரு படம்.

மங்கல் நகரவில்லை. அது மங்கலே இல்லை. பெரிதாக்கிப் பார்த்தால் வலது கருமணியின் ஓரம் கத்தியால் வெட்டிய மாதிரி கூர்மை. கூர்மையாகவே பெரிதாக இருக்கிறது, இடதைப் போல இரண்டு மடங்கு.

எல்லாப் படத்தையும் வரிசையாகத் திறந்து வைத்தேன். எட்டாம் தேதி: பெரிது. ஐந்தாம் தேதி: பெரிது. மூன்றாம் தேதி, சனிக்கிழமை காலை பத்து மணி: இரண்டும் சமம். ஒவ்வொன்றிலும் சன்னல் கம்பி நாலு.

அதே கோடு, அதே வெளிச்சம், அதே தூரம். நடுவில் நாலாம் தேதி மட்டும் படம் இல்லை.

லென்ஸில் ஒரு குறையும் இல்லை.

எழில் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

"தெரிஞ்சிடுச்சா?" என்றாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் எழில். இப்பவே போலாம்."

"நாளைக்கு பைனல்."

"தலைக்குள்ள ஏதோ ஆயிருக்கு."

"தெரியும். என் தல, எனக்குத் தெரியாதா? நாளைக்கு மூணு ரவுண்டு. ஒம்போது நிமிசம். தங்கம் வந்தா வேலை. வேலை வந்தா நானும் பாப்பாவும் எண்ணூருக்கு எங்கம்மா வூட்டுக்குப் போறோம். அதுக்குத்தான்யா ரெண்டு வருசமா ஓடிக்கினு கீறேன். நீ இன்னா, மெடலு வாங்கி மாட்டிக்கவா நெனச்ச?"

கேமராவிலிருந்து லென்ஸைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

"போய்ச் சொல்றதுன்னா சொல்லு" என்றாள். "எப்ப அடிபட்டுச்சுன்னு கேப்பாங்க. எங்கன்னு கேப்பாங்க. சொல்லுவியா?"

பாப்பா உள்ளே இருந்து வந்தாள். மேசையில் லென்ஸ் இருப்பதைப் பார்த்ததும் சுவரோரமாக நடந்து, என்னைச் சுற்றிக்கொண்டு போய், அம்மா மடியில் ஏறினாள். நாலு வயசுக் குழந்தை. என் வீட்டில் சுவரோரமாக நடக்கிறது.

நாளைக்கு ஒரு நாள். ஒன்பது நிமிஷம்தானே. அதன்பிறகு நானே தூக்கிக்கொண்டு போவேன். அவளே கேட்கிறாள். அவள் விருப்பத்துக்கு நான் குறுக்கே நிற்கலாமா? இப்படி எழுதும்போதே தெரிகிறது, இது அவளுக்காக எழுதுகிறதில்லை.

சுந்தரேசன் சாருக்குச் செய்தி அனுப்பினேன்: லென்ஸ் சரியாக இருக்கிறது. என் தவறு.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

நேற்று எழுத முடியவில்லை. வாயில் நாலு தையல். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இறுதிப் போட்டி மாலை நாலுக்கு. எதிரே திண்டுக்கல் ஜெசிந்தா, போன வருடச் சாம்பியன். நான் நடுநிலை மூலையில் தரையில் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் பர்வீன் எனக்கு எட்டடி தள்ளி மேசையில். எட்டடி. அரங்குக்கு வந்ததிலிருந்து அந்த மேசைக்கு மூன்று தரம் போனேன். ஒரு தரம் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டேன். மற்ற இரண்டு தரம் ஒன்றும் கேட்காமல் திரும்பினேன்.

முதல் ரவுண்டு. ஜெசிந்தாவுக்கு எழிலின் இடது கை எழும்பாதது ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. அந்தப் பக்கமாகவே வந்தாள். பக்கவாட்டில் வளைந்து வருகிற ஹூக், ஹூக், மறுபடி ஹூக். ஒவ்வொன்றுக்கும் எழிலின் தலை ஆடியது. குத்துச்சண்டை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், சத்தம்தான் பயங்கரம். ஈரத் தோலில் தோல் விழுகிற சத்தம். ஜெசிந்தா ஒன்று விட்டால் எழில் இரண்டு கொடுத்தாள், எல்லாம் வலது கையால். ஜெசிந்தாவின் புருவம் கிழிந்து கண்ணை ரத்தம் மூடியது. கூட்டம் நாற்காலி மேல் ஏறிவிட்டது. நான் விரலை எடுக்கவில்லை. கேமரா தையல் மிஷின் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது எழில் கயிற்றோரம் என் பக்கமாகத் தள்ளப்பட்டாள். 70-க்குத் திருப்பினேன். ஃபோகஸ் அவள் வலது கண்ணில் போய்ப் பூட்டிக்கொண்டது. கருமணி கண் முழுக்க விரிந்திருந்தது. ஒரு பளிங்கு மாதிரி. விளக்கு அதில் விழுந்தும் சுருங்கவில்லை. அவ்வளவு துல்லியமாக இந்த லென்ஸைத் தவிர வேறெதுவும் எனக்குக் காட்டியிருக்காது. காட்டிவிட்டது.

மணி அடித்தது. ஒரு நிமிஷ இடைவேளை.

கேமராவில் மூன்றாம் தேதிப் படத்தைத் திரையில் வரவழைத்தேன். மேசைக்கு ஓடினேன்.

"டாக்டர், நிறுத்துங்க. இது மூணாம் தேதி எடுத்தது. பாருங்க. ரெண்டு கண்ணும் சமமா இருக்கு."

அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான்னு நீங்கதானே சொன்னீங்க?"

"பொய் சொன்னேன்."

"எப்போ அடிபட்டது?"

"போன வாரம் ஞாயித்துக்கெழம."

"எங்க? பயிற்சியிலயா?"

"இல்ல. வீட்ல."

"எப்படி?"

சுற்றிலும் கூச்சல். இரண்டாம் ரவுண்டுக்கு எழுந்து நிற்கச் சொல்லி ஊதல் ஊதிவிட்டார்கள்.

"நான்தான் டாக்டர்" என்றேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெம்பில்லை. மேசையைத் தள்ளிவிட்டு ரிங்கில் ஏறிக் கையை உயர்த்தினார். நடுவர் நிறுத்தினார். டார்ச்சை அடித்தார்கள். அடுத்த நிமிஷம் ஜெசிந்தாவின் கையைத் தூக்கிவிட்டார்கள்.

எழில் முதலில் புரியாமல் நின்றாள். பிறகு டாக்டர் என் பக்கம் திரும்பியதைப் பார்த்தாள், என் கையில் கேமராவைப் பார்த்தாள். கயிற்றுக்கு நடுவே குனிந்து இறங்கி வந்தாள். மாஸ்டர் பிடிக்கப் பார்த்தார், உதறினாள்.

"எல்லாத்தையும் நீயே எடுத்துக்கினியேயா" என்றாள். "தலையையும் உடைச்ச. வேலையையும் உடைச்ச."

வலது கை வந்தது. வருவது தெரிந்தது, நான் நகரவில்லை. முன்பல் இரண்டு போனது. கேமரா சுழன்று போய் ரிங் கம்பத்தில் மோதி, லென்ஸின் முன் கண்ணாடி நெடுக விரிசல் விட்டது. எட்டு வருடத்தில் அவள் என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான்.

பிறகு அவளே நாற்காலியில் உட்கார்ந்தாள். "மாஸ்டர், தூக்கம் வருது" என்றாள். அப்படியே சரிந்தாள்.

ஸ்கேனில் மண்டையோட்டுக்குக் கீழே வலப்பக்கம் ரத்தம் கட்டியிருந்தது. எட்டு நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்ததாம். இன்னொரு ரவுண்டு போயிருந்தால் ரிங்கிலேயே முடிந்திருக்கும் என்று அறுவை செய்த டாக்டர் மாஸ்டரிடம் சொன்னார். என்னிடம் யாரும் பேசுவதில்லை. ஆஸ்பத்திரிக் காவலர் படிவத்தை நீட்டி, காயம் எப்படி என்று கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டார். எழுத்துக் கூட்டி இரண்டு தரம் வாசித்துக் காட்டினார்.

ஆகஸ்ட் 14, புதன்

சுந்தரேசன் சார் கூப்பிட்டார். லென்ஸ் உடைந்ததற்குக் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "அந்தப் படத்த அட்டையில போட மாட்டேன்யா" என்றார். வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

எழில் கண் விழித்துவிட்டாள். பேசுகிறாள். இடது கை இன்னும் சரியாக வரவில்லை, வந்துவிடும் என்கிறார்கள். வெள்ளிப் பதக்கத்தை வைத்தும் அந்த வேலைக்கு விண்ணப்பிக்கலாமாம், ஆனால் தலையில் அறுத்தவளை எந்த உடல் தகுதித் தேர்வில் தேற்றுவார்கள் என்று மாஸ்டர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

எண்ணூரிலிருந்து அத்தை, எழிலின் அம்மா, வந்திருக்கிறார். மூன்று நாளாக என்னை வாசலிலேயே நிறுத்தினார். இன்று எழிலே கூப்பிட்டனுப்பினாள். தலையில் கட்டு, முகம் வீங்கி, கண் மட்டும் அவளுடையது. என்னையறியாமல் பார்த்துவிட்டேன். இரண்டும் கிட்டத்தட்ட சமமாகிவிட்டன.

"கேமரா கார்டு எங்க?" என்றாள்.

"இருக்கு."

"அழிச்சிட்டியா?"

"இல்ல. மூணாம் தேதிலேர்ந்து எல்லாமே இருக்கு."

"ஸ்டேசன்ல குடுக்கணும். அம்மாகிட்ட குடுத்துட்டுப் போ. நோட்டையும் குடு."

"எந்த நோட்டு?"

"லென்சு நோட்டு. போன வாரம் திங்கக்கெழம நீ பொம்ம வாங்கப் போனப்ப படிச்சேன். பீரோ நசுங்கிச்சுன்னு எழுதியிருந்த. பழைய பீரோன்னு வேற எழுதியிருந்த." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நான் எங்க கீறேன்னு ரெண்டு தரம் தேடிப் பாத்தேன்யா. அடி வாங்குனவளா அதுல நான் இல்ல."

அத்தை எழுந்து வந்து நடுவில் நின்றார்.

"எழுதிக் குடு" என்றாள் எழில். "லென்சப் பத்தி எழுதறியே, அந்த மாதிரி. ஒண்ணு விடாம."

வராந்தாவுக்கு வந்தேன். நாலாம் தேதிப் பக்கத்தைக் கிழிக்கவில்லை, அடிக்கவும் இல்லை. அது அப்படியே இருக்கட்டும். இதற்குக் கீழே எழுதிவிட்டு நோட்டை அத்தையிடம் கொடுத்துவிட்டு நானே ஸ்டேஷனுக்குப் போகிறேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு: திருத்தம்

இடம்: படுக்கையறை, பீரோவுக்கு முன்னால். நேரம்: காலை பதினொன்றே கால். வெளிச்சம்: நன்றாக இருந்தது, எல்லாம் தெரிந்தது. தூரம்: ஒரு கை நீளம்.

மூடியைப் போடாமல் வைத்தவள் எழில் இல்லை, நான். பாப்பா கண்ணாடியைத் தொட்டாள். நான் கையை ஓங்கியது பாப்பாவை நோக்கி. முழு பலத்தோடு ஓங்கினேன். எழில் நடுவே வந்தாள். அடி அவள் இடது கன்னத்தில் விழுந்தது. தலையின் வலப்பக்கம் பீரோ விளிம்பில் மோதியது. கதவு நசுங்கியது அவள் தலையால். கீழே விழுந்தவளைத் தூக்காமல் நான் லென்ஸைத் துடைக்கப் போனேன்.

எழில் ரிங்கில் ஒருநாளும் கையை இறக்கி நான் பார்த்ததில்லை. அன்று நான் ஓங்கியதை அவள் பார்த்தாள். தடுக்க நேரமும் இருந்தது. ஆனால் கையைத் தூக்கவில்லை. ஏன் தூக்கவில்லை என்று பன்னிரண்டு நாளாக எனக்குத் தெரிந்தும் எழுதாமல் இருந்தேன். அவள் இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் இருந்தன. பாப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.